வெளியிலிருந்து பூசிய சுவர்

மேல்மலைக் காட்டின் பெரிய இலவமரத்தில் செங்கண்ணன் என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தான். நீண்ட அலகு, அதன்மேல் மஞ்சள் கொம்பு, நல்ல சிவப்புக் கண். வேறு காட்டிலிருந்து பிழைக்க வந்தவன்தான். நல்ல பேர் எடுத்து, மேல்மலையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை வாங்கிவிட்டான்.

அவன் மனைவி பால்விழி இன்னும் பழைய காட்டில்தான் இருந்தாள். அங்கே தீப்பிடித்து அத்திமரங்கள் கருகிவிட்டன. ஒரு பழம் கிடைப்பதே பெரும்பாடு.

மேல்மலையில் ஒரு சட்டம் உண்டு. குடியுரிமை பெற்றவர் தன் துணையை விருந்தாளியாக அழைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று சாட்சி காட்ட வேண்டும். காட்டினால் துணைக்கும் நிரந்தர உரிமை. காட்டாவிட்டால் முதல் மழையோடு அவள் கருகிய காட்டுக்கே திரும்ப வேண்டும்!

பால்விழி ஆசையாசையாகப் பறந்து வந்தாள். இருவாச்சி சிறகடித்தால் சும்மாவா? புயல் வருவதுபோல் சத்தம் கேட்கும். மந்திகள் நிமிர்ந்து பார்த்தன. மான்கள் மேய்ச்சலை விட்டுப் பார்த்தன.

"யாருப்பா அது? என்ன கம்பீரம்!"

செங்கண்ணனுக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் வந்தபோதும் இதே சிறகுதான், இதே சத்தம்தான். அன்றைக்கு ஒரு எலிகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே!

"என்னங்க, ஓடைப்பக்கம் போய் எல்லாரையும் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள் பால்விழி.

"ஐயையோ! விண்ணப்பம் முடியுற வரைக்கும் விருந்தாளி யார் கண்ணுலயும் படக்கூடாது. இங்கே சட்டம் அப்படி!"

அப்படி ஒரு சட்டம் அந்தக் காட்டில் கிடையாது. அந்த நிமிஷம் அவன் வாயில் பிறந்த சட்டம் அது. புதுக்காட்டுக்கு வந்தவளுக்கு எது காட்டின் சட்டம், எது கணவனின் சட்டம் என்று எப்படித் தெரியும், பாவம்!

இருவாச்சிக் குலத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை மரப்பொந்துக்குள் போய், உள்ளேயிருந்து மண் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய மட்டும் ஒரு பிளவு விடும். அதன் வழியாக ஆண்பறவை பழம் ஊட்டும். குஞ்சு பெரிதானதும் பெண்பறவை தானே சுவரை உடைத்து வெளியே வரும்.

இப்போது முட்டைக்காலம் இல்லை. ஆனாலும் செங்கண்ணன் அவளைப் பொந்துக்குள் போகச் சொன்னான். ஓடையிலிருந்து மண் அள்ளி வந்தான். வெளியே நின்று தானே பூசினான்!

ஒருநாள் பக்கத்துக் கிளையிலிருந்து மலை அணில் குரல் கொடுத்தது.

"அண்ணே, விண்ணப்பத்துக்குச் சாட்சி வேணுமாமே? நான் சொல்றேன். அண்ணியை எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு நான் கிளை தவறி விழுந்தப்போ பிளவு வழியா எட்டிப் பார்த்து, ஒரே சிரிப்பு! ரொம்ப நல்லா சிரிக்கிறாங்க!"

இருவாச்சியின் குரல் இனிமையானது என்று உலகத்தில் யாரும் சொன்னதில்லை. பாறை உருளும் சத்தம்தான். ஆனால் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் அல்லவா? அந்தச் சிரிப்பைக் கேட்காமலே செங்கண்ணனுக்கு அது குயில் பாட்டாகத் தோன்றியது.

"என் பெண்டாட்டி சிரிச்சா உனக்கென்ன? உன் சாட்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்! போ!"

அன்றைக்கே இன்னும் கொஞ்சம் மண் கொண்டு வந்தான். பிளவு குறுகியது. மந்தி ஒன்று "வீட்டம்மா சௌக்கியமா?" என்று கேட்டது. மறுபடியும் மண்! பிளவு இன்னும் குறுகியது. கடைசியில் அலகுகூட நுழையவில்லை. பழத்தை நசுக்கித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

"என்னங்க, உள்ளே காத்தே இல்லீங்க. இறக்கை மரத்துப்போச்சு" என்றாள் பால்விழி.

"எல்லாம் உனக்காகத்தான். உரிமை கிடைக்கட்டும், அப்புறம் பார்" என்றான் செங்கண்ணன். அப்படிச் சொல்லும்போது அவனுக்கே அது உண்மைபோல இருந்தது.

மேகம் கறுத்தது. சாட்சிக்கு ஆள் வேண்டுமே! அவளைத் தெரிந்தவர்களையெல்லாம் அவனே விரட்டிவிட்டான். அவளைப் பார்க்காத ஒருவர் கிடைத்தால் தேவலை என்று தேடினான். மரத்தடியில் ஒரு தேரை இருந்தது. மரம் ஏறத் தெரியாது. பார்க்கவும் லட்சணமாக இல்லை. செங்கண்ணனுக்குப் பரம திருப்தி!

"ரெண்டு பேரும் ஒண்ணா, சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்!"

"சொல்லிட்டாப் போச்சு!" என்றது தேரை.

விண்ணப்பம் போனது. வீட்டைப் பார்த்து விசாரிக்க அதிகாரி வந்தார். யார் தெரியுமா? மரங்கொத்தி! தலையில் தீப்போலச் சிவந்த கொண்டை. செங்கண்ணனுக்குப் பார்த்ததுமே புசுபுசுவென்று கோபம் வந்தது. 'விசாரிக்க வர்றவனுக்கு இவ்வளவு அலங்காரம் எதுக்கு?' என்று முணுமுணுத்துக்கொண்டான்.

மரங்கொத்தி முதலில் தேரையைக் கூப்பிட்டார்.

"இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா?"

"ஒண்ணா, சந்தோஷமா இருக்காங்க ஐயா!"

"அந்தம்மாவைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லீங்க. அண்ணன் தினமும் மண் அள்ளிட்டுப் போறதைத்தான் பார்த்திருக்கேன். ஐயா, கேட்டதுனால சொல்றேன், என் வளை வாசல் மண்ணைக்கூட விட்டுவைக்கலை! கொஞ்சம் கண்டிச்சு வைங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணலின் வாயால் கெட்டது இருவாச்சி!

மரங்கொத்தி பொந்தருகே பறந்தார். டொக், டொக் என்று சுவரைத் தட்டினார். தட்டிப் பார்த்தே மரத்தின் வயதைச் சொல்பவர் அவர். மண்ணைக் கேட்கவா வேண்டும்?

"இருவாச்சி வீட்டில் பெண்தானே உள்ளேயிருந்து பூசுவாள்? இது வெளியேயிருந்து பூசிய சுவராக இருக்கிறதே! யாரம்மா பூசியது?"

 உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அவர்தாங்க. விண்ணப்பம் முடியுற வரைக்கும் நான் யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு சட்டமாமே?"

"அப்படி ஒரு சட்டம் இந்தக் காட்டில் இல்லையம்மா!"

செங்கண்ணன் தலை குனிந்தான். உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'டக்!'

"நான் உடைக்கட்டுமா?" என்று கேட்டார் மரங்கொத்தி.

"வேண்டாங்க. எங்க வழக்கப்படி நானே உடைச்சுக்கிறேன்!"

மண்கட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பாதி செங்கண்ணன் தலையில் விழுந்தது. பால்விழி வெளியே வந்தாள். சிறகு மங்கியிருந்தது. வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசியது.

"உன்மேல இருந்த ஆசையிலதானே செஞ்சேன்!" என்று கதறினான் செங்கண்ணன்.

"ஆசைன்னா பிளவு பெருசாகியிருக்கணுமே. நாளுக்கு நாள் சிறுத்துத்தானே போச்சு?" என்றாள் அவள்.



மரங்கொத்தி தொண்டையைச் செருமினார். "துணை என்று இந்த விண்ணப்பத்தை ஏற்க முடியாது. ஆனால் இந்தக் காட்டில் உங்களைத் தெரிந்தவர்கள் பொறுப்பேற்றால், நீங்களே தனியாக உரிமை கேட்கலாம். அப்படி யாராவது இருக்கிறார்களா?"

"நான் இருக்கேன்!" என்று கத்தியது அணில்.

"நானும்தான்! இந்தத் தடவை கண்ணால பார்த்துட்டேன்!" என்றது தேரை.

முதல் மழை விழுந்தபோது பால்விழி மேல்மலைக்காரி ஆகியிருந்தாள். ஓடைக்கு அக்கரையில் ஒரு மரத்தைத் தானே தேடிக்கொண்டாள். அவள் பறந்து போனபோது காடே நிமிர்ந்து பார்த்தது. செங்கண்ணனும் பார்த்தான். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அடைத்துவைக்க இப்போது பொந்தில் ஆளில்லை.

வெறும் பொந்தின் முன்னால் அவன் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கரையில் அணில் மறுபடியும் கிளை தவறி விழுந்தது போலிருக்கிறது. பாறை உருளுவதுபோல் ஒரு சிரிப்பு எழுந்தது. அணில் சொன்னது சரிதான். அவள் நன்றாகத்தான் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைச் செங்கண்ணன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான்.

பொறாமை கட்டும் சுவர் துணையை உள்ளே வைக்காது. கட்டியவனைத்தான் வெளியே நிறுத்தும்.