ஜமீன்தாருக்குப் பிடித்த வில்லன்

"என் வில்லனை அவருக்கே பிடிச்சுப்போச்சு, டீச்சர்" என்றார் எபினேசர்.

சபூரா டீச்சர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"ஜமீன்தாருக்கு. யாரை நினைச்சு வரைஞ்சேனோ, அவருக்கு."

"நல்லதுதானே."

"அசிங்கமா இருக்கு."

டீச்சர் பென்சிலின் முனையை ஊதினார்.

"உட்காருங்க. சொல்லுங்க."

எபினேசருக்கு ஐம்பத்தொரு வயது. டீச்சரைவிட ஏழு வயது மூத்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மனிதக் கைகளைச் சரியாக வரைய வரவில்லை என்று அவரிடம் படிக்க வந்தவர், கை வரைய வந்த பிறகும் போகவில்லை.

டீச்சர் முன்பு போலீசுக்கு முகம் வரைந்து கொடுத்தவர். கண்ணால் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, தான் பார்க்காத முகத்தைத் தாளில் கொண்டுவருவது அவர் வேலை. இப்போது மேலப்பாளையத்தில் சனிக்கிழமைகளில் ஓவியம் சொல்லித் தருகிறார்.

எபினேசர் வரைவது துப்பறியும் படக்கதை. 'குமாஸ்தா தாவீது' என்று பெயர். மாதம் ஒரு புத்தகம்.

பழைய துப்பறியும் கதைகளில் மாளிகையில் வைரமாலை காணாமல் போகும். ஜமீன்தார் நிபுணரை வரவழைப்பார். நிபுணர் சுருட்டுப் பிடித்துக்கொண்டே யோசிப்பார். கடைசியில் திருடன் சமையல்காரனாகவோ தோட்டக்காரனாகவோ இருப்பான்.

எபினேசர் அந்தக் கதைகளை எடுத்துத் திருப்பிப் போட்டார். அவருடைய தாவீது எந்த மாளிகைக்குப் போனாலும் குற்றவாளி அந்த மாளிகைக்குச் சொந்தக்காரன்தான்.

வாசகர்கள் கொண்டாடினார்கள்.

"போன டிசம்பர் புத்தகம் கீழ்மாறநேரி ஜமீன் கதை" என்றார் எபினேசர். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அரண்மனையில மாலை காணோம். வேலைக்காரப் பொண்ணு மேல பழி. மறுநாள் அவ கிணத்துல கிடந்தா. தற்கொலைன்னு எழுதி மூடிட்டாங்க. மாலையை, இப்ப ஜமீன்தாரா இருக்கிற சின்னராஜாவே சீட்டாட்டத்துல தோத்தார்னு ஊரே பேசிச்சு. நான் அதை அப்படியே வரைஞ்சேன்."

"அப்புறம்?"

"சின்னராஜாவுக்கு இப்ப அறுபது வயசு. அரண்மனையை ஹோட்டலா மாத்தியிருக்கார். என் புத்தகத்துல ஐந்நூறு வாங்கி, தங்க வர்றவங்களுக்கெல்லாம் கொடுக்கிறார். வில்லன் மீசையை முறுக்கிற பக்கத்தைப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, சாப்பாட்டு ஹால்ல மாட்டியிருக்கார். அது முன்னாடி நின்னு எல்லாரும் போட்டோ எடுத்துக்கிறாங்க."

"நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

எபினேசர் தரையைப் பார்த்தார்.

"விருந்துக்குக் கூப்பிட்டார்."

"போனீங்களா?"

"போனேன். பட்டுச் சால்வை போத்தினார். 'என்னை நல்லா வரைஞ்சிருக்கீர்'னார். எல்லாரும் கைதட்டினாங்க."

"நீங்க?"

"சாப்பிட்டேன், டீச்சர்."

டீச்சர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வில்லனை வரைங்க."

எபினேசர் வரைந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றிச் சுருக்கம், மீசையின் வளைவு, சுண்டு விரல் மோதிரம், கண் இமையின் ஒவ்வொரு மயிரும் வந்தன.

டீச்சர் தாளை எடுத்துப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கார்."

இன்னொரு தாளை வைத்தார்.

"இப்ப அந்தப் பொண்ணை."

எபினேசர் வரைந்தார். கிணறு வந்தது. கிணற்றடியில் குடம் வந்தது. ஒரு பெண்ணின் முதுகு வந்தது. முதுகில் நீளப் பின்னல்.

"திருப்புங்க."

"என்ன?"

"அவளை இந்தப் பக்கம் திருப்புங்க."

எபினேசரின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது.

"அது ஒரு உத்தி, டீச்சர். முகம் இல்லைன்னா அவ எல்லாப் பொண்ணும் ஆயிடுறா."

"அவ பேர் என்ன?"

"செல்லக்கனி."

"அவளைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கிறதா பேப்பர்ல போட்டிருந்தது."

"அந்தத் தங்கச்சி என்ன சொன்னா?"

எபினேசர் பேப்பரில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அறுபத்து நாலு பக்கம் வரைந்திருந்தார்.

டீச்சர் பென்சில்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கீழ்மாறநேரிக்கு எந்த பஸ்?"

செல்லக்கனியின் தங்கை முத்துக்கனியின் வீடு அரண்மனை மதிலை ஒட்டி இருந்தது. ஒரே அறை. மதிலின் மறுபக்கம் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

ஹோட்டல் சீருடையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். எபினேசர் கைகூப்பினார்.

"வணக்கம்மா. முத்துக்கனிங்கிறது..."

"நான்தான். வாங்க அண்ணாச்சி."

"என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"விருந்தன்னைக்கு உங்க இலைக்குப் பாயசம் ஊத்துனது நான்தான். ரெண்டு தடவ கேட்டிய."

எபினேசர் வாசலிலேயே நின்றார். அன்று தன் இலையின் மேல் நீண்ட கரண்டி அவருக்கு நினைவிருந்தது. கரண்டியைப் பிடித்த கைகூட நினைவிருந்தது. அதற்கு மேலே அவர் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க. வெயிலு."

டீச்சர் பாயில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துத் தாளைப் பொருத்தினார். அட்டையையும் பென்சிலையும் எபினேசரிடம் நீட்டினார்.

"நான் கேக்கிறேன். நீங்க வரைங்க."

பிறகு முத்துக்கனியிடம் சொன்னார்.

"உங்க அக்கா போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணு இருந்துச்சு. போலீஸ்காரவுக வாங்கிட்டுப் போனாவ. திருப்பித் தரல."

"முகம் நினைவிருக்கா?"

"ஏன் இல்லாம?"

"நெத்தி எப்படி இருக்கும்?"

முத்துக்கனி தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னதவிடச் சின்னது. முடி கீழ வரைக்கும் இறங்கி இருக்கும். அதுக்காக எண்ணெய் வச்சுப் படிய வாரிக்கிட்டே இருப்பா."

"கண்ணு?"

"ஒரு கண்ணு கொஞ்சம் சின்னது. சிரிச்சா மூடிக்கிடும்."

"எந்தக் கண்ணு?"

"இடது. அவளுக்கு இடது."

எபினேசர் வரைந்தார். முத்துக்கனி இல்லை என்றாள். அழித்தார். மறுபடி வரைந்தார். மறுபடியும் இல்லை என்றாள். மூக்கு மூன்று முறை மாறியது. உதடு ஐந்து முறை.

"பல்லு?"

"முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். அதான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா."

"எந்தக் கையால பொத்துவா?"

முத்துக்கனி கையை உயர்த்தினாள். வாய் வரைக்கும் போகாமல் பாதியில் நின்றது.

"இந்தக் கை" என்றாள்.

தன் மணிக்கட்டையே பார்த்தாள்.

டீச்சர் அவசரப்படவில்லை.

"இந்தக் கையில என்னம்மா?"

"கயிறு."

"கயிறா?"

"கயித்துத் தடம். ரெண்டு கையிலயும் இருந்துச்சு. கறுத்துப்போயி. அவளக் குளிப்பாட்டுனது நானும் அம்மாவும்தான். எனக்கு அப்போ பதினாறு வயசு. அம்மா மஞ்சள அரச்சு அது மேல அப்பிட்டா. யாரும் பாத்திரக் கூடாதுன்னு."

பென்சில் நின்றது.

"கையைக் கட்டிக்கிட்டு யாரு கிணத்துல குதிப்பா?" என்றாள் முத்துக்கனி. சத்தமாகச் சொல்லவில்லை.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார் எபினேசர்.

"கேட்டாத்தான சொல்ல? போலீஸ்காரவுக மாலை எங்கன்னு கேட்டாவ. பேப்பர்காரவுக அவளுக்குக் காதல் கீதல் உண்டான்னு கேட்டாவ. கையப் பத்தி ஒருத்தரும் கேக்கல."

"நீங்க எப்படி அங்கேயே வேலை..."

அவர் முடிப்பதற்குள் அவள் சொன்னாள்.

"இந்த மண்ணு அவுகளுது, அண்ணாச்சி. இந்தச் சுவரும் அவுகளுது. வேற எங்க போக?"

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். தங்க வந்தவர்களாக இருக்கும்.

டீச்சர் எபினேசரின் முழங்கையை லேசாகத் தட்டினார்.

"பல்லுல விட்டோம்."

எபினேசர் வரைந்தார். இந்த முறை முத்துக்கனி எதுவும் சொல்லவில்லை. வலது கை வாயை நோக்கி எழும்பியது. இடது கண் சுருங்கியது. ஏறியிருந்த பல் விரல்களுக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது.

தாளை அவள் பக்கம் திருப்பினார்.

முத்துக்கனி அதைத் தொடவில்லை. குனிந்து, முகத்துக்கு முகம் வைத்ததுபோலப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னப் புள்ளையாவா இருந்தா?" என்றாள்.

எபினேசர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அடுத்த மாசப் புத்தகத்துல போடுறேம்மா. முழுப் பக்கம். அட்டையிலயே போடுறேன்."

"வேண்டாம்."

"ஏம்மா? ஊர் உலகம் பார்க்கட்டும்."

"பாக்கும். அவுகளும் பாப்பாவ. இதயும் வாங்கிட்டுப் போயி அந்தப் படத்துக்குப் பக்கத்துல மாட்டிருவாவ. காலையில அந்தப் படத்துக் கண்ணாடியத் தொடைக்குறது நான்தான், அண்ணாச்சி."

எபினேசர் தாளை அட்டையிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மனு எழுதத் தெரியுமா?"

"மனுவா?"

"கலெக்டருக்கு. அந்தக் கயித்துத் தடத்தப் பத்தி. அம்மா போயிட்டா. இனி பாத்தது நான் ஒருத்திதான். நானும் போயிட்டா அப்படி ஒண்ணு இருந்ததே இல்லைன்னு ஆயிரும்."

"எழுதினா உங்க வேலை?"

"போகும்."

"வீடு?"

"அதும் போகும். நான் அத யோசிக்காமலா கேக்கேன்?"

எபினேசர் பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்தார். பேனா எடுத்தார். 'பெறுநர்' என்று எழுதினார். கலெக்டரின் பதவியை எழுதினார். பிறகு தயங்கினார்.

"அரண்மனை நிர்வாகம்னு போட்டா போதும்ல?"

"போதாது. உங்க படத்துல அவுகளுக்கு வேற பேரு வச்சிருந்திய. இதுல அவுக பேரயே போடணும்."

"சரிம்மா."

"நான் கைநாட்டு வப்பேன். எழுதிக் கொடுத்தது யாருன்னு கேப்பாவ. கீழ உங்க பேரும் இருக்கணும். போடுவியளா?"

எபினேசர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை தாளில் பட்டுப் பட்டு, சின்னச் சின்னப் புள்ளிகளாக விழுந்துகொண்டிருந்தது.

"நடுங்குதா சார்?"

"ஆமா, டீச்சர்."

"மீசையை வரையும்போது நடுங்கலையே."

எபினேசர் தாளை மற்றக் கையால் அழுத்திப் பிடித்தார்.

முத்துக்கனி கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தாள். ஜமீன்தாரின் பெயரை, முதலெழுத்தும் பட்டமும் விடாமல், புதிதாக எழுதப் பழகுகிறவனுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள்.