ஒன்பது வரிக் கும்பிடு

“இருபத்திரண்டு வேறுபாடு எழுதுனேன் டீச்சர். இருபதுக்கு நாலு மார்க் போட்டிருக்கான். பேப்பரப் படிச்சானா, இல்ல எடை பாத்துப் போட்டானா?”

கேட்டவர் நல்லபெருமாள். வயது நாற்பத்தாறு, தொடக்கப்பள்ளி ஆசிரியர். அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்தார். எல்லாத் தாளும் தேறிவிட்டார். ஆங்கிலம் காலப்போக்கில் எப்படி மாறியது என்று கேட்கும் ‘மொழி மாற்றம்’ என்ற இந்த ஒரு தாளில் மட்டும் இரண்டு முறை விழுந்தார். நாளை கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் ஐந்து வருடப் படிப்பும் பாழ்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பிலோமினா. தூத்துக்குடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே டியூஷன் எடுக்கிறார். அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

நல்லபெருமாள் தன் விடைத்தாளின் நகலை மேசைமேல் போட்டார். பழைய கடிதம் ஒன்று, புதிய கடிதம் ஒன்று, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதற்கென்றே நோட்ஸ் உண்டு. பழையதில் வாக்கியம் நீளம், புதியதில் குட்டை. பழையதில் பணிவு அதிகம், புதியதில் குறைவு. எந்தக் கடிதம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி இருபத்திரண்டு பாயின்ட். கடிதத்தைப் படிக்கிற நேரம்கூட மிச்சம். அவர் ஒன்றையும் விடவில்லை. அதற்கு நாலு மார்க் என்றால் வயிறு எரியாதா?

பிலோமினா விடைத்தாளைத் தொடவே இல்லை.

“கேள்வித்தாள் இருக்கா சார்?”

இருந்தது.

“பழைய கடிதத்தத் தமிழ்ல சொல்லுங்க.”

இது என்ன ஒண்ணாங்கிளாஸ் வேலை என்று முனகிக்கொண்டே அவர் தொடங்கினார்.

முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடிதம். தோட்டக்காரனின் மனைவி பண்ணைப் பிரபுவுக்கு எழுதியது. மேன்மை தங்கிய பிரபு அவர்களே என்றது. தங்கள் பாதத்தூசிக்கும் நிகராகாத அடியாள் என்றது. எழுதத் துணிந்ததற்கு ஒரு மன்னிப்பு. தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு ஒரு மன்னிப்பு. இப்படியே ஒன்பது வரி.

“பத்தாவது வரி?” என்றார் பிலோமினா.

“என் மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கண் திறக்கவில்லை. வைத்தியரை அனுப்ப அருள்கூர வேண்டும்.”

“இப்ப புதுசு.”

அது ஒரு தாய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மின்னஞ்சல். பையனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், டாக்டர் எப்போது பார்ப்பார் என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தாள்.

நல்லபெருமாள் பழைய கடிதத்துக்கே திரும்பிப் போனார். அந்த ஒன்பது வரியையும் இன்னொரு முறை படித்தார். காது சிவந்துவிட்டது.

“கண்ணு தொறக்காமக் கெடக்கான் பிள்ள. காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லுததுக்கு ஒம்பது வரி கும்பிடணுமா அவ? அம்புட்டையும் வாங்கிக்கிட்டு ஒருத்தன் நாற்காலியில உக்காந்திருந்திருக்கான். அவன் மனுசன்தானா டீச்சர்?”

பிலோமினா ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினார்.

“இப்ப சொன்னீங்களே, அத எழுதுங்க சார்.”