தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?

கோயமுத்தூரில் ஒரு மாலின் மூன்றாம் மாடியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம் நடத்திவந்தார் தணிகாசலம் முதலாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சம்பந்தியைக் கூட்டிவந்து, பத்துக் கட்டைகளையும் ஒரே பந்தில் சாய்ப்பதாகச் சொன்னார். உருட்டிய நாலு பந்தும் பந்து ஓடும் தளத்தின் ஓரப் பள்ளங்களில் விழுந்தன.

"தளம் கோணல்," என்றார். தளத்துக்கு எண்ணெய் பூசும் பவுனாத்தாளைக் கூப்பிட்டார். "சம்பந்தி காபி குடிக்கிறதுக்குள்ள இதை நிமிர்த்து. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"நிமிர்த்திடலாமுங்க. எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுங்க?"

"இடது பக்கம்."

"ரெண்டு பந்து வலப்பக்கமுல்ல போச்சுங்க?"

சம்பந்தி காபியை மறந்து வேடிக்கை பார்த்தார்.

"ஒரே மாதிரி விட்டாத்தானுங்க சாய்வு தெரியும்," என்றாள் பவுனாத்தாள். "கட்டையைப் பார்க்காதீங்க, தளத்துல இருக்கிற நடு அம்புக்குறியைப் பாருங்க. கை கணுக்கால்கிட்ட வந்ததும் பந்தை விட்டுடுங்க. அது எந்தப் பக்கம் ஒதுங்குதோ, அந்தப் பக்கத்தை நான் தூக்கிடறேன்."

கோணலை நிரூபிக்கும் வேகத்தில் முதலாளி அவள் சொன்னபடியே விட்டார். பந்து நேராக ஓடிப் பத்துக் கட்டைகளையும் சாய்த்தது. சந்தேகத்துக்கு இன்னொன்று விட்டார். அதுவும் அப்படியே.

"சாய்வைக் காணோமுங்களே," என்றாள் பவுனாத்தாள்.

முதலாளி சம்பந்தி பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா சம்பந்தி, சொன்னதும் நிமிர்த்திட்டா."

"தளத்துல கையே வைக்காம நிமிர்த்திடுச்சுங்க, கெட்டிக்காரப் புள்ளை," என்றார் சம்பந்தி.

"அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டாள் பவுனாத்தாள்.

முதலாளி அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "கூடம் திறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடும்மா. பக்கத்துத் தளமும் கோணலாத்தான் இருக்கு. நானும் வந்துடறேன்."