ஜெனீவாவிலிருந்து வந்த குமாஸ்தா

இரண்டு வருஷம் ஜெனீவாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குழந்தைவேலு, வந்த மறுநாளே காவிரிக் கரை மடத்துக்குப் போனார். வெள்ளைக்கார சர்க்கார் தூதுக்குழுவில் அவர் சுருக்கெழுத்து குமாஸ்தா. உலக நாடுகளெல்லாம் கூடி ஆயுதத்தைக் குறைக்கப் பேசிய மாநாடு அது. பேசினார்கள், பேசினார்கள், இவர் கை தேய எழுதினார். குண்டூசி அளவுகூடக் குறையவில்லை.

அவர் கடல் கடந்து போனதே மகனுக்காகத்தான். ஒரே பிள்ளை தணிகாசலம், வடமேற்கு எல்லை மலையில், பட்டாளத்துக்குப் பாதை போடும் படையில் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாநாடு ஜெயித்தால் பிள்ளை வீடு திரும்புவான் என்று மனுஷர் பைத்தியம்போல் நம்பியிருந்தார். பெற்ற மனம், வேறென்ன செய்யும்?

மடத்துச் சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிஷ்யரான குழந்தைவேலுவும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“அறுபது தேசம், சாமி. ஒருத்தர் பாக்கியில்லாம ஆயுதம் கெட்டதுன்னாங்க. அப்புறம் ஏன் யாருமே கீழ வைக்கலை?”

“எதுல சிக்கிச்சு?”

“எது அடிக்கிற ஆயுதம், எது காக்கிற ஆயுதம்னு பிரிக்கிறதுல. கப்பல் வச்சிருக்கிறவனுக்குக் கப்பல் காவல். பீரங்கி வச்சிருக்கிறவனுக்குப் பீரங்கி காவல்.”

“மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்,” என்று சாமி சிரித்தார். “நம்ம சர்க்கார் என்ன சொல்லிச்சு?”

“ஆகாயத்துலேர்ந்து குண்டு போடறதை நிறுத்திடலாம்னு சொல்லிச்சு.” குழந்தைவேலு கீரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். “தூரத்து எல்லைப்புறம் நீங்கலா. அங்கே இருக்கிற ஜனங்களை அடக்கி வைக்க விமானம் வேணுமாம்.”

“உம்ம பையன் இருக்கிற மலைப்பக்கமா?”

“அதேதான்.”

“அந்த வரியை எழுதறப்போ உமக்கு எப்படி இருந்தது?”

குழந்தைவேலு பொய் சொல்லியிருக்கலாம். சாமி ஒன்றும் ஜெனீவாவுக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை.

“நிம்மதியா இருந்தது, சாமி. விமானம் முன்னால போயிட்டா என் பிள்ளை குண்டடி படாம நடப்பான்னு தோணிச்சு. அந்த மலையிலயும் புள்ளைங்க இருக்கும். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் மனசுக்குள்ள கும்பிட்டேன். எம்புள்ளையை ஒரு தடவை கண்ணால பார்க்கணும், சாமி. அவ்வளவுதான்.”

சாமி கீரைத் தட்டை நகர்த்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் பிள்ளை உண்டு, குழந்தைவேலு. அவங்களால கீழ வைக்க முடியாமப் போனது அந்த நிம்மதியைத்தான்.”