கம்பிக்கு அந்தப்பக்கம்

மடைப்பட்டி என்றொரு சின்ன ஊர். இரண்டு நாட்டுக்காரர்களும் "என்னுது, என்னுது" என்று அடித்துக்கொள்ளும் எல்லையில் மாட்டிக்கொண்ட ஊர். இன்றைக்கு ஒரு கொடி பறக்கும், நாளைக்கு வேறொன்று. எந்தக் கொடி என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்தே சனங்களுக்குக் கழுத்து சுளுக்கிப்போயிற்று.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் அங்கே எல்லைக்கட்டு உண்டு. பூசாரி ஊரைச் சுற்றி நடந்து சோறு இறைத்துக்கொண்டே வருவான். அந்தச் சுற்றுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அம்மன் காவல். வெளியே இருப்பவர்கள் பாடு அவர்கள் பாடு.

அந்த வருஷம் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குக் குறுக்கே முள்கம்பி இழுத்துவிட்டார்கள். வெள்ளத்தாயின் வீடு மட்டும் கம்பிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. புருஷன் படுத்த படுக்கை. அவனைப் போட்டுவிட்டு அவள் எங்கே வருவாள்? கம்பியைத் தாண்டி ஆடு பிடிக்கப் போன மூக்கனை முந்தின வாரம்தான் சுட்டுப் போட்டிருந்தார்கள்.

பூசாரி சுப்பாண்டி கம்பிக்கு இந்தப்பக்கமே சோறு இறைத்துக்கொண்டு போனான். வேறென்ன செய்வான்? அவனுக்கும் இருப்பது ஒரு உயிர்தானே.

"பூசாரியய்யா, நாங்க இந்த ஊரு இல்லையா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

எல்லை கட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கம் சுப்பாண்டிக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஆனாலும் அவளுடைய குரல் சுற்று முடிகிறவரைக்கும் கூடவே வந்தது.

சோற்றுப் பானையோடு நேரே குருவிடம் போனான். நல்லக்காள் என்று பேர். ஆளில்லாமல் கிடந்த பழைய சுங்கச்சாவடியில் இருந்தாள். சுப்பாண்டியைவிட வயதில் இளையவள். சீடனை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, பயம் போக எனக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க."

"பானையில சோறு மிச்சமிருக்கா அண்ணே?"

"இருக்கு. இந்த வருஷம் சுத்து கொறஞ்சு போச்சில்ல."

நல்லக்காள் பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியைப் பார்த்து நடந்தாள். சுப்பாண்டி பின்னாலேயே ஓடினான்.

காவல்காரன் துப்பாக்கியைத் தூக்கினான். "யாரது? நில்லு."

நின்றாள். "அந்த வீட்டுக்குச் சோறு கொண்டு போறேன்."

அவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. துப்பாக்கியையும் இறக்கவில்லை.

நல்லக்காள் குனிந்து கம்பியைத் தூக்கினாள். சுப்பாண்டி பக்கத்திலிருந்த மடைச்சுவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

"அம்மா, போகாதீங்க. சுட்டுருவான். உங்களுக்குப் பயமே கெடையாதா?"

அவள் ஒரு கையை நீட்டிக் காட்டினாள். குளிர்காய்ச்சல் வந்தவள் கைபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயம் போற மந்திரம் எனக்கும் தெரியாது அண்ணே. வெள்ளத்தாயும் அங்க பயந்துபோய்த்தான் கெடக்கா. அவ ஒத்தையில பயப்பட வேண்டாமேன்னு போறேன்."