நாலு இருபத்தைந்து வண்டி

“யாரும் நிக்கறதில்லை, டீச்சர்,” என்றார் பொன்னுரங்கம்.

எஸ்தர் டீச்சர் தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது அந்தச் சக்கரம்.

“வர்றாங்க. எட்டிப் பார்க்கறாங்க. ரெண்டு நிமிஷம். அப்புறம் கீழே இறங்கிப் போயிடறாங்க.”

டீச்சர் சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

உண்மையில் அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் குடுவை கழுவி வைக்கிற வேலை. பொன்னுரங்கத்தைவிடப் பதினெட்டு வயது சிறியவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் மாதிரி ரயில் செய்கிறவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

பொன்னுரங்கம் ஆலையில் வரைபடம் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊர்ப் படிப்பகத்தின் மாடியில், பதினாலு அடி மேசை ஒன்றின்மேல், ஒரு ரயில் பாதையைக் கட்டி முடித்திருந்தார். புளியம்பாறையிலிருந்து காரைமேட்டுக்கு முன்னொரு காலத்தில் ஓடிய சின்ன ரயில் அது. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடி. மேசைமேல் அது பதினாறு மில்லிமீட்டர். எல்லாமே நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.

கட்டி முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று.

“பொங்கலுக்குள்ளே ஜனம் வரணுமாம். இல்லேன்னா மேசையைக் காலி பண்ணணுமாம். படிப்பகச் செயலாளர் சொல்லிட்டார்.”

“காலி பண்ணிட்டு?”

“பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைங்களுக்கு நாற்காலி போடப் போறாங்க.”

“நல்ல விஷயம்தானே.”

“நல்ல விஷயம்தான்,” என்றார் பொன்னுரங்கம். “ஆனா மலை, பாலம் எல்லாம் மேசையோட ஒட்டிக் கட்டினது, டீச்சர். எடுத்தா உதிர்ந்துடும்.”

டீச்சர் அரத்தைக் கீழே வைத்தார்.

“அந்தப் பாதையில எஞ்சின் எத்தனை இருந்துது?”

“ரெண்டு. அதுல ஒண்ணு எப்பவும் பட்டறையில கிடக்கும்.”

“உங்க மேசையில எத்தனை ஓடுது?”

“நாலு. நிக்காம ஓடும். காத்துட்டு நிக்க யாருக்குப் பொறுமை இருக்கு?”

“அங்கே ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?”

“காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

டீச்சர் அரத்தைக் கையில் எடுத்தார். தேய்க்க ஆரம்பித்தார்.

பொன்னுரங்கம் காத்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

“நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலையே, டீச்சர்.”

“நீங்களே சொல்லிட்டீங்களே, சார்.”



ஊர் திரும்பும்போது பேருந்தில் பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போய், இதையா கேட்டு வந்தோம் என்று இருந்தது.

அந்த வாரமே ஐந்தாவது எஞ்சினை வாங்கினார். புகைபோக்கியில் புகை வரவைத்தார். பாலத்துக்குக் கீழே ஓடைக்கு நீல விளக்குப் போட்டார். ஊதல் சத்தத்துக்கு ஒரு பெட்டி வைத்தார்.

ஜனங்கள் மூன்று நிமிஷம் நின்றார்கள்.

ஒரு சனிக்கிழமை எஸ்தர் டீச்சர் தானாகவே வந்து சேர்ந்தார். தோளில் ஒரு துணிப் பை. மாடி ஏறி வந்தவர் ஐந்து வண்டிகளையும் பார்த்தார். புகையைப் பார்த்தார். நீல விளக்கையும் பார்த்தார்.

“நிறுத்துங்க, சார்.”

பொன்னுரங்கம் விசையை அணைத்தார். சத்தம் அடங்கியது. கீழே யாரோ செய்தித்தாளைப் புரட்டுவது கேட்டது.

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்து, மேசையின் நடுவிலிருந்த ஓடைக்கரை ஸ்டேஷனுக்கு முன்னால் போட்டார். அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவருடைய கண் சரியாகப் பிளாட்பாரத்தின் உயரத்துக்கு வந்தது.

அப்படியே இருந்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று.

“என்ன பார்க்கறீங்க, டீச்சர்?”

“வண்டிக்கு உட்கார்ந்திருக்கேன்.”

“சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேனே.” அவர் கை விசைக்குப் போயிற்று.

“அதுல போட்டிருக்கற நேரத்துக்கு வரட்டும்.”

டீச்சர் காட்டிய சுவரில் சின்ன ரயிலின் கால அட்டவணை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பொன்னுரங்கமே நாலு ஊர் அலைந்து தேடி, நகல் எடுத்து மாட்டியது. ஓடைக்கரை: காலை பத்து நாற்பது. மாலை நாலு இருபத்தைந்து.

அப்போது மணி இரண்டேகால்.

பொன்னுரங்கம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. பொன்னுரங்கம் ஜன்னலுக்குப் போய் வந்தார். மலையின்மேல் இருந்த தூசியை ஊதினார். கடைசியில் வேறு வழியில்லாமல் இன்னொரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இந்த அம்மா கூடையில கோழி வெச்சிருக்காங்களே,” என்றார் டீச்சர். “எங்கே போறாங்க?”

“அது பொம்மை, டீச்சர். பிளாட்பாரம் காலியா இருந்துது, வெச்சேன்.”

“கோழியைத் தூக்கிட்டு யாரும் சும்மா போக மாட்டாங்க, சார்.”

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பெண். கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். வண்டி வரும் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். அப்படித் திருப்பி வைத்தது தான்தான் என்பது அவருக்கு ஞாபகமில்லை.

“மக வீட்டுக்கா இருக்கும்,” என்றார் கொஞ்சம் கழித்து.

“இருக்கும்.”

நாலு இருபத்தைந்துக்கு ஒரே ஒரு வண்டியை விட்டார். அந்தப் பழைய ரயிலின் வேகத்திலேயே விடச் சொன்னார் டீச்சர். அது குகையை விட்டு வந்து ஸ்டேஷனில் நிற்க அரை நிமிஷம் ஆயிற்று. அட்டவணையில் போட்டிருந்தபடி ஆறு நிமிஷம் நின்றது. பிறகு பாலத்தைத் தாண்டிப் போயிற்று.

டீச்சர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

“இனிமே இப்படித்தான் ஓட்டணுமா?”

“ரயில் உங்களோடது, சார்.”

“வர்றவங்க என்னத்தைப் பார்ப்பாங்க?”

“ஸ்டேஷனை.”

“வண்டி இல்லாத ஸ்டேஷன்ல பார்க்க என்ன இருக்கு?”

“கட்டின உங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு டீச்சர் படி இறங்கினார்.



பொன்னுரங்கம் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நாலு எஞ்சின்களைப் பெட்டியில் போட்டு மூடினார். புகையையும் நீல விளக்கையும் கழற்றினார். ஊதல் பெட்டியைப் பரண்மேல் போட்டார். ஒரு அட்டையில் ‘அடுத்த வண்டி’ என்று எழுதி, கீழே நேரத்தை எழுதி வைத்தார்.

“ரிப்பேரா, சார்?” என்று கேட்டார்கள் வந்தவர்கள்.

“இல்லைங்க. நாலு இருபத்தஞ்சுக்கு வரும்.”

“டிரைவர் சாப்பிடப் போயிருக்காரா?”

“நாலு இருபத்தஞ்சுக்கு வரும்.”

“எங்க ஊர் பஸ்ஸே தேவலாம்போல இருக்கே.”

பாதிப் பேர் உடனே இறங்கிப் போனார்கள். சிலர் அட்டையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர், இரண்டு பேர், முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். படிப்பகத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தவர் நாலேகாலுக்குத் தேநீர்க் குவளையோடு வர ஆரம்பித்தார். வண்டி போனதும் குவளையை எடுத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பொன்னுரங்கம் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓடும்போதும் வண்டியைப் பார்க்க மாட்டார். நிற்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். புதிதாக யாராவது படி ஏறுகிறார்களா என்று பார்ப்பார்.

டீச்சரிடம் தொலைபேசியில் பேசினார்.

“முன்னைவிடக் கூட்டம் குறைஞ்சுபோச்சு, டீச்சர்.”

“வண்டி நேரத்துக்கு வருதா?”

“வருது.”

“அப்ப சரி.”

அவர் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது.



பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது படிப்பகக் குழுவினர் வந்தார்கள். செயலாளர் கனகசபாபதி முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மரக்கடை சுலைமான் பாய் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம்.

அன்றைக்கு எஸ்தர் டீச்சரும் வந்திருந்தார். சுவரோரமாக ஒரு முக்காலியில் இருந்தார்.

“அஞ்சு மணிக்குக் கீழே கூட்டம், பொன்னுரங்கம்,” என்றார் செயலாளர். “அதுல முடிவு பண்ணிடுவோம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தோம். எங்கே, ஓட்டுங்க.”

பொன்னுரங்கத்தின் கை விசைமேல் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் வண்டி வந்துவிடும். ஆறு வருஷ வேலை அந்தத் திருப்பலில் தொங்கியது. அவர் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு இருபத்தஞ்சுக்கு வரும்,” என்றார் பொன்னுரங்கம்.

“அது வர்றவங்களுக்குச் சொல்றது. நான் செயலாளர்.”

“ஆமாங்க.”

“எனக்காக ஒரு தடவை விடக் கூடாதா?”

“நாலு இருபத்தஞ்சுக்குத்தாங்க வரும்.”

“பாருங்க பாய், நம்ம கட்டடத்துல நமக்கே டிக்கெட் இல்லையாம்.”

சுலைமான் பாய்க்குக் கால் வலி. முதலில் கண்ணில் பட்ட முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது ஸ்டேஷனுக்கு நேராக இருந்தது.

செயலாளர் நடந்தார். மலையைச் சுற்றி ஒரு நடை, பாலம் வரை ஒரு நடை. கடிகாரத்தைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். தையல்காரர் குவளையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

“இந்த மூட்டைமேல ஒருத்தன் தூங்கறானே,” என்றார் சுலைமான் பாய். “வண்டி வந்தா யார் எழுப்புவா?”

“அவன் எழுந்திருக்கவே மாட்டான், பாய்,” என்றார் தையல்காரர். அத்தனை நாளில் அவர் அங்கே பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அப்ப மூட்டையை எப்படி ஏத்தறது?”

“நானும் தினம் பார்க்கறேன். தெரியலை.”

நாலு இருபத்தைந்து ஆயிற்று. பொன்னுரங்கம் விசையைத் திருப்பினார்.

குகை வாயில் முதலில் இருட்டாகத்தான் இருந்தது. பிறகு எஞ்சினின் நெற்றி தெரிந்தது. அதற்கு அவசரமே இல்லை. வளைவில் சற்றுச் சாய்ந்தது. பின்னால் புளி மூட்டை ஏற்றிய இரண்டு திறந்த பெட்டிகள், அதற்குப் பின்னால் ஒரு பயணிகள் பெட்டி. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் அதே அளவு சாய்ந்து நிமிர்ந்தன. அந்த வளைவின் வெளித் தண்டவாளத்தை ஒரு காகிதக் கனம் உயர்த்தியது அவர்தான். அது இப்படித் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.

வண்டி நின்றது. கோழிக்காரப் பெண்ணுக்கு முன்னால் பெட்டியின் கதவு வந்திருந்தது.

ஆறு நிமிஷம்.

பிறகு வண்டி நகர்ந்தது. பாலத்தின்மேல் அதன் சத்தம் மாறிற்று. கடைசிப் பெட்டி மரங்களுக்குள் போய் மறையும் வரை பொன்னுரங்கம் குனிந்தபடியே இருந்தார். பிளாட்பாரத்தில் எல்லோரும் முன்போலவே நின்றார்கள். தூங்குகிறவன் தூங்கினான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. செயலாளர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

“சரி, மணியாச்சு. வண்டி எங்கே?”

“போயிடுச்சுங்க.”

“போயிடுச்சா? வீட்டிலேருந்து பேசினாங்க, நான் கீழே இறங்கிப் போனேனே. பார்த்தீங்கல்ல?”

பொன்னுரங்கம் நிமிர்ந்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

“நீங்க எப்போ கீழே போனீங்க?” என்று கேட்டார்.

எஸ்தர் டீச்சர் எழுந்து துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, சார். வர்றேன்.”

செயலாளர் வழிவிட்டு நின்றார். டீச்சர் போன பிறகு விசையைக் கண்ணால் காட்டினார்.

“சரி, விடுங்க. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க. ஒரு நிமிஷ வேலைதானே.”

இந்தத் தடவை பொன்னுரங்கம் யாரையும் பார்க்கவில்லை.

“அடுத்தது நாளைக் காலையிலதாங்க. பத்து நாற்பது.”

செயலாளர் அவரை உற்றுப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். காலியான தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“கூட்டத்தை என்ன பண்ணலாம், பாய்? பார்க்காம எப்படி முடிவு பண்றது? நாளைக்கு வெச்சுக்கலாமா?”

சுலைமான் பாய் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிளாட்பாரத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“வெச்சுக்கலாம்,” என்றார். “பத்து நாற்பதுக்கு அப்புறம்.”