விக்கல் பிடித்த யானையும் முயலின் நீலப்பூக் கொல்லையும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள வைக்கிற சிரிப்பு. ஆனால் இப்போதே கிடைக்காது. முதலில் பூ பூக்கட்டும்!

நாணல் குளத்துக்கு மேலே, கல்லும் கரம்புமான மேட்டில், துத்தி என்ற முயல் கொல்லை போட்டிருந்தாள். கொல்லை முழுக்கச் சங்குப்பூக் கொடி. பச்சையாகத் தின்றால் இளம் பட்டாணி மாதிரி ருசிக்கும் நீலப்பூ. ஆனால் குளத்துத் தண்ணீர் மேட்டுக்குத் தானாக ஏறி வருமா? கொட்டாங்குச்சியில் சுமந்து சுமந்து துத்தியின் முதுகே வளைந்துவிட்டது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை முடிந்து வரும் முதல் பௌர்ணமியன்று காலையில், எல்லாரும் தங்கள் கொல்லையில் விளைந்ததை யானை மலையப்பன் முன்னால் வைப்பார்கள். யாருடைய கூடை நிறைந்து வழிகிறதோ, குளத்தின் ஈரக்கரை ஒரு வருடத்துக்கு அவர்களுக்கு. காலை நீட்டினால் தண்ணீர்! கொட்டாங்குச்சிக்கு விடுதலை!

துத்திக்கு அந்தக் கரை வேண்டும். கனவிலும் அதே கரைதான்.

"பௌர்ணமிக்கு இன்னும் ஒரு மாதம். அதுவரை ஒரு பூவைக்கூடப் பறிக்க மாட்டேன். எல்லாம் கொடியிலேயே சேரட்டும்!" என்றாள்.

போன வருடமும் இதைத்தான் செய்தாள். கடைசியில் கூடையில் பதினொரு பூ. குளமே சிரித்தது. (நான் சொன்ன சிரிப்பு அது இல்லை. பொறுங்கள்!) அணில்தான் திருடிவிட்டது என்று சொல்லி, இந்த வருடம் முள்வேலி வேறு போட்டாள்.

கொல்லைக்கு மேலே மருத மரத்தில் ஒரு கரிச்சான் குருவி இருந்தான். பெயர் வாலாட்டி. பூவுக்கு வரும் வண்டுகள்தான் அவனுக்குக் காலைச் சாப்பாடு. பார்த்துப் பார்த்துப் பழகியவன் சொன்னான்:

"அக்கா! இந்தப் பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு. பறிக்காமல் விட்டால் காயாகிவிடும். காய் வந்தால் கொடி பூக்கிறதை நிறுத்திவிடும். தினமும் பறி, தினமும் பூக்கும்!"

துத்தி தன் நீளக் காதுகளை ஆட்டினாள். "பறித்தால் கூடுமா? யார் காதில் பூ சுற்றுகிறாய்? எனக்குக் காது பெரிது, அதற்காக இவ்வளவு பூவா! போடா!"

நல்ல குரலில் சொன்னால் கேட்கவில்லை. சரி, வேறு குரலில் சொல்லலாம்! வாலாட்டியிடம் குரலுக்கா பஞ்சம்? காட்டில் யார் பேசினாலும் அப்படியே பேசுவான்.

மறுநாள் காலை புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றியின் குரல் உறுமியது. "ஏ முயலே! தினமும் இருபது பூ பாறைமேல் இருக்க வேண்டும்! இல்லையென்றால் உன் கொல்லையை உழுதுவிடுவேன்! களுக்!"

துத்தி கொடியிடம் ஓடினாள். இருபது பூவைப் பறித்துப் பாறைமேல் வைத்துவிட்டு வளைக்குள் பாய்ந்தாள்.

நாலு நாள் கழித்துக் கரடியின் குரல் வந்தது. "எனக்கு நாற்பது! இல்லையென்றால் பந்தல்மேல் உட்கார்ந்துவிடுவேன்! களுக்!"

அதற்கும் நாலு நாள் கழித்து, பூமியே அதிர்கிற மாதிரி ஒரு குரல். "நான் மலையப்பன். பூத்தது எல்லாம் எனக்கு வேண்டும். கொடியில் ஒன்றுகூட வாடக் கூடாது! களுக்!"

குரலெல்லாம் அச்சு அசல்தான். சிரிப்பை அடக்கத்தான் அவனுக்கு வரவில்லை!

துத்தி என்ன நினைத்தாள் தெரியுமா? 'ஐயோ பாவம், பன்றிக்கு விக்கல், கரடிக்கு விக்கல், இப்போது யானைக்கும் விக்கல். ஊரெல்லாம் ஏதோ விக்கல் நோய் பரவுகிறது!' நல்ல மனசுக்காரி. மறுநாளிலிருந்து பூவோடு, விக்கலுக்கு மருந்தாகக் கொஞ்சம் துளசியும் வைத்தாள்.

அவள் தலை மறைந்ததும் வாலாட்டி எல்லாரையும் கூப்பிடுவான். "ஆமையாரே! அணில் மக்களே! துத்தி அக்கா விருந்து வைத்திருக்கிறாள், வாங்க!"

ஒரே ஒரு கொடியைத் துத்தி யாருக்கும் காட்டவில்லை. இருப்பதிலேயே கொழுத்த கொடி அது. புற்றுக்குப் பின்னால், பனையோலை மறைப்புக்குள் வைத்திருந்தாள். 'என் மானத்தைக் காப்பாற்றப் போவது இதுதான்' என்று அதில் ஒரு பூவைக்கூடத் தொடவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் யானைக் குரல், "நாளைக்கு எனக்கு வேண்டாம். நீயே கூடையில் போட்டுக்கொள். களுக்!" என்றது.

விடிந்ததும் துத்தி ஓலையை விலக்கினாள். கொழுத்த கொடியில் ஒரு பூ இல்லை! காய்ந்த நெற்றுகள் கலகலவென்று ஆடின. "போச்சு! கரை போச்சு!" என்று அழுதுகொண்டே மற்றக் கொடிகளிடம் ஓடினாள். அங்கே இலை தெரியாமல் நீலம்! பறிக்கப் பறிக்கக் கூடை வழிந்தது.

மலையப்பன் எல்லாக் கூடைகளையும் பார்த்தது. தும்பிக்கையைத் தூக்கியது. "ஈரக்கரை துத்திக்கு!"

துத்தி வணங்கினாள். பிறகு அக்கறையோடு கேட்டாள்: "பெரியவரே, விக்கல் நின்றுவிட்டதா?"

"விக்கலா? எனக்கா?"

"தினமும் பூக் கேட்டு மிரட்டும்போது விக்கினீர்களே! துளசிகூட வைத்தேனே!"

"நான் ஒரு மாதமாக மலைக்கு அந்தப் பக்கம் இருந்தேனம்மா. நேற்றுத்தான் வந்தேன்."

துத்தி காட்டுப்பன்றியைப் பார்த்தாள். "என்னை ஏன் பார்க்கிறாய்? எனக்குக் கிழங்கு போதும்!" என்றது பன்றி.

ஆமை கழுத்தை நீட்டியது. "அப்படியானால் பாறைமேல் தினமும் இருந்த விருந்து நீயாக வைத்தது இல்லையா அக்கா? வாலாட்டி அப்படித்தானே சொன்னான்!"

எல்லாரும் வாலாட்டியைத் தேடினார்கள். தலைக்கு மேலே, கரையோர மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"களுக்!"

துத்தியின் வலது காது மெல்ல நிமிர்ந்தது. பிறகு இடது காது. கலகலவென்று ஆடிய நெற்றுகள் நினைவுக்கு வந்தன. வழிகிற கூடையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். அங்கிருந்து ஒரு நீலப்பூ சுழன்று சுழன்று இறங்கி, சரியாக அவள் காதில் செருகிக்கொண்டது.

"அடேய் வாலாட்டி... அந்த யானை நீயாடா!"

சிரிப்பு என்று சொன்னேனே, இதோ! முதலில் சிரித்தவள் துத்திதான். குளத்துத் தண்ணீரே குலுங்கியது.

பறித்துக் கொடுத்தால் பெருகுகிற பூவைப் பதுக்கி வைப்பவர்களுக்குக் கடைசியில் காய்ந்த நெற்றுதான் மிஞ்சும்.